கல்லூரிக்கு ஒரு சேவையகம்

யூபிலி ஆண்டினை முன்னிட்டுக் கல்லூரிக்குச் சேவையகக் கணினியொன்று வழங்குதல் வேண்டுமென்ற கருத்துப் பழைய மாணவரிடையே எழுந்துள்ளது. வரவுப் பதிவேடு, பரீட்சைப் புள்ளிகள், பழைய சஞ்சிகைகள், நிழற்படங்கள் ஆகிய யாவும் பிறர் கணினியிலன்றி நம் வளவுக்குள்ளேயே இருத்தல் நன்றென்பது அன்னார் எண்ணம். யானும் அதனை வரவேற்கின்றேன். ஆயினும் பொருளை வழங்குதல் எளிது, பேணுதல் அரிது.

ஆங்கிலேயர் இப்பொறிக்கு ஏவலாளன் பெயரையே இட்டனர். கேட்டதைக் கேட்டபொழுது எடுத்துத் தருவதே இதன் தொழில். பெருஞ்செலவென்று அஞ்சவேண்டா, சாதாரண மேசைக் கணினியொன்றும், இரண்டு வன்தட்டுகளும், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளமும் ஒரு பாடசாலைக்குப் போதும். ஆனால் அல்லும் பகலும் விழித்திருக்கும் இவ்வேவலாளன், வாயிலில் நிற்பவர் நல்லவரோ தீயவரோ என்பதைத் தானாக அறியான்.

பிறர் இடத்தில் வைத்த பொருள் எவ்வாறாகும் என்பதைத் திகனவாசிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2018 மார்ச்சு மாதத்தில் இவ்வூரில் வன்செயல் மூண்டபொழுது, முகநூல், வைபர், வாட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் நாடெங்கும் சில நாள் தடை செய்தது. பொய்யுரைகள் அவற்றின் வழியே பரவியமையால் அத்தடைக்குக் காரணமும் இருந்தது. எனினும் தம் குறிப்புகளையும் படங்களையும் அங்கு மாத்திரம் வைத்திருந்தோர்க்குக் கதவு அடைபட்டதே!

தன் வீட்டில் இருப்பதெல்லாம் காவலுடையதென்று எண்ணுதலும் பேதைமையே. நம் அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையகங்களுக்கு 2023 இல் நேர்ந்ததைப் பார்க்க. பணயம் கோரும் நச்சு மென்பொருளொன்று அவற்றிற் புகுந்தது. ஏறத்தாழ 5,000 கணக்குகளில், மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையிலான அஞ்சல்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அங்கு இயங்கியது 2013 ஆம் ஆண்டின் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள். அதற்கான திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு ஏப்பிரலிலேயே நிறுத்திவிட்டது. காப்புப் பிரதியும் இணைப்பிலேயே இருந்தமையால் அதுவும் உடன் கெட்டது. இணைப்பறுத்துத் தனியே வைத்த பிரதி அம்மூன்று மாதங்களுக்கு இல்லை. பூட்டின் சாவியைப் பூட்டிலேயே விட்டுவைத்தல் போன்றதொரு செயல் இது.

தமிழர்க்குப் பிரதியின் அருமை புதிதன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பிறிதோரிடத்துப் பிரதியிருந்த அச்சு நூல்களை மீளப் பெறலாயிற்று. தனியேடுகள் போனவை போனவையே. ஆதலின் நம் சேவையகத்தின் பிரதியொன்று வாரந்தோறும் வேறொரு வன்தட்டில் எழுதப்பெற்று, கம்பி கழற்றப்பெற்று, கல்லூரிக்கு வெளியே பூட்டிய பெட்டகத்தில் இருத்தல் வேண்டும். தவணைக்கொரு முறையேனும் அதிலிருந்து ஒரு கோப்பினை மீட்டெடுத்துப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத பிரதியை யான் பிரதியென்று கொள்ளேன்.

வலையமைப்பினைப் பற்றியும் ஒரு சொல். ரவுட்டரும் காவற் கமராவும் தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லுடனேயே இன்றும் பல வீடுகளில் இயங்குகின்றன. 2016 இல் மிராய் என்னும் நச்சு நிரல், அத்தகைய கடவுச்சொற்கள் அறுபதளவினைக் கொண்டே உலகெங்கும் கமராக்களைக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 ஆம் நாள் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்களையே பலர் அணுகவியலாதபடி செய்தது. ஆதலின் கடவுச்சொல்லை முதல்நாளே மாற்றுக. மாணவர் கணினிக்கூடத்து வலையும், விருந்தினர் கைபேசி வலையும், அலுவலக வலையும் வெவ்வேறாயிருக்கட்டும். வெளியூர்ப் பழைய மாணவர் சஞ்சிகை பார்க்க விரும்பின் அதனைப் பொதுத் தளமொன்றில் வைப்பதே முறை. பிள்ளைகளின் புள்ளிகளும் முகவரிகளும் உள்ள பொறிக்கு உலகினை நோக்கிய வாயில் வேண்டா. உரிய ஆசிரியர் வெளியிலிருந்து நுழைய வயர்கார்டு போன்ற மறையாக்கப் பாதையொன்றே அமையும். பிறர் தரவினை வைத்திருப்போர்க்குரிய கடமைகளை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் விதித்துள்ளது.

மின்வெட்டையும் இடியையும் மறவற்க. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை விளக்கின்றி இருந்தோமல்லவா? யூ.பி.எஸ். கருவியின்றி இப்பொறியை வாங்குதல் வீண்.

எனவே சங்கத்தாரிடம் யான் வேண்டுவது வேறொன்று. திரட்டும் நிதியிற் பாதியைப் பொறிக்குச் செலவிடாது வைப்பிலிடுக. ஐந்தாறு ஆண்டில் வன்தட்டு தேயும். மாற்ற அப்பணம் உதவும். அதிபர் அவர்களும் பொறுப்பாசிரியர் ஒருவர்க்கு வாரத்தில் இரண்டு பாடவேளையை ஒதுக்கித் தருதல் வேண்டும். திருத்தங்களை இட்டு, பதிவுகளைப் பார்வையிட, கண்ணுள்ள மனிதர் ஒருவர் இன்றியமையாதவர். பித்தளைப் பலகையில் கொடையாளர் பெயர் பொறித்தல் பிறகு ஆகலாம்.

பொறி வரும்வரை காத்திருக்க வேண்டாத பணியும் ஒன்றுண்டு. பழைய சேர்வுப் பதிவேடுகளின் ஓரங்களில் ஈரம் ஏறியுள்ளது. ஐப்பசி மழைக்கு முன் அவற்றைப் படமெடுக்க, விடுமுறையில் நால்வர் வந்தாற் போதும்.