கண்ணுக்கும் ஒரு கல்வி

எண்ணையும் எழுத்தையும் கண்ணெனப் போற்றியது எமது மரபு. அம்மரபின் வழிவந்த எமது பாடசாலைகள் எழுத்தைப் படிக்கக் கற்பிக்கின்றன. ஆயின், படத்தைப் படிக்கக் கற்பிக்கின்றனவா? இவ்வினாவை ஆசிரிய உலகின் முன் வைக்க விரும்புகின்றோம். இன்றைய மாணவன் ஒரு நாளிற் காணும் படங்களின் தொகை, அவன் படிக்கும் பக்கங்களின் தொகையினும் எத்தனையோ மடங்கு மிகுதியானது என்பதை யாரும் மறுக்கார்.

தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் க.பொ.த. உயர்தர வகுப்பிலே ஒரு பாடமாக இடம்பெற்றுள்ளமை மகிழ்ச்சிக்குரியதே. எனினும், இப்பாடத்திற்கென மாணவர் கையில் உலவும் குறிப்புக்கள் பலவற்றை நோக்கும்போது எமக்குக் கவலையே உண்டாகின்றது. அறிஞர் பெயர், நூல் வெளிவந்த ஆண்டு, வரைவிலக்கணம் என்பன அங்கே வரிசையாக நிற்கின்றன. திரைப்படத்தையோ விளம்பரத்தையோ காணோம். நீரைத் தொடாமலே நீச்சலுக்கு இலக்கணம் எழுதும் செயலன்றோ இது?

ஊடகக் கோட்பாடுகள் எவ்வாறு தோன்றின என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1920ஆம் ஆண்டையொட்டி, சோவியத் ரஷ்யாவில் குலெஷோவ் என்னும் இயக்குநர் ஒரு சோதனை நடத்தினார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தைக் கொண்ட அதே படத்துண்டை, ஒரு முறை சூப்புக் கோப்பையோடும், ஒரு முறை சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணோடும், ஒரு முறை விளையாடும் சிறுமியோடும் இணைத்துக் காட்டினாராம். பார்த்தோர் அம்முகத்தில் ஆழ்ந்த சிந்தனையையும் துயரையும் மகிழ்ச்சியையும் கண்டு நடிகரின் திறனை வியந்தனர் எனப் புடோவ்கின் எழுதியுள்ளார். முகம் மாறவில்லை, பக்கத்திலிருந்த படமே மாறியது. திரைப்படத்தின் பொருள் தனித்தனிப் படத்திலன்றி அவற்றின் சேர்க்கையிலே பிறக்கின்றது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

பிரான்ஸ் நாட்டு அறிஞர் றோலன்ட் பார்த் 1964ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றிலே ‘பன்சானி’ என்னும் உணவுப் பொருளின் விளம்பரம் ஒன்றையே ஆராய்ந்தார். திறந்து கிடக்கும் வலைப்பை. அதிலே பொதிகள், ஒரு தகரப்பேணி, தக்காளி, வெங்காயம், மிளகாய். இப்போதுதான் சந்தையிலிருந்து வந்த புதுமையை அந்தப் பை உணர்த்துகின்றது. நிறங்களும் பெயரும் இத்தாலி நாட்டை நினைவூட்டுகின்றன. பேணியில் அடைத்த பண்டம் தோட்டத்துக் காய்கறியின் புதுமையைக் கடன்வாங்கிக் கொள்கின்றது. றேமன்ட் வில்லியம்ஸ் என்பாரோ, அமெரிக்காவின் மயாமி நகரில் ஓரிரவு தொலைக்காட்சியிலே திரைப்படம் ஒன்றைப் பார்த்தபோது, இடையிடையே விளம்பரங்களும் வேறு படங்களின் முன்னோட்டங்களும் புகுந்து எல்லாம் ஒரே ஓட்டமாகக் கலந்தமை கண்டு திகைத்தார். 1974ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூலின் முதன்மையான கருத்து அத்திகைப்பை ஆராய்ந்ததன் பயனே. இவர்கள் எல்லோரும் முதலிற் பார்த்தனர். பின்னரே கோட்பாடு வகுத்தனர். எமது மாணவர் மட்டும் பாராமலே கோட்பாட்டை மனனஞ் செய்வது எவ்வாறு பொருந்தும்?

இக்கல்வி எமக்கு முற்றிலும் அந்நியமானது என்று அஞ்சவேண்டியதில்லை. சங்கப் பாடலிற் சுனையும் யானையும் வேங்கை மலரும் வெறும் இயற்கை வருணனை அல்ல என்பதையும், அவற்றினுள்ளே தலைவன் தலைவியர் நிலை பொதிந்து கிடப்பதையும் தமிழாசிரியர் நாள்தோறும் விளக்குகின்றனர். உள்ளுறையை உணர்த்தவல்ல ஆசிரியருக்கு விளம்பரத்தின் உட்பொருளை உணர்த்துதல் அரிய காரியமன்று. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. புலவன் உள்ளே வைத்த பொருளைக் கேட்போன் தேடிக் காணவேண்டும் என விரும்புகிறான். விளம்பரம் செய்வோனோ, அது தேடப்படாமலே மனத்திற் படியவேண்டும் என விரும்புகிறான்.

எமது வீடுகளுக்குள் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் 1979ஆம் ஆண்டு தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. 1982ஆம் ஆண்டு ரூபவாஹினி வந்தது. அன்று தொட்டு எமது பிள்ளைகள் கண்டுவரும் விளம்பரங்களில் முகப்பூச்சு விளம்பரமும் ஒன்று. 1975ஆம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்த ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ இவ்வகையிற் பெயர்பெற்றது. இத்தகைய விளம்பரங்களின் கதை யாவரும் அறிந்ததே: கருநிறப் பெண்ணின் முகத்தை அடுத்துத் தோல்வி, நிறம் வெளுத்த முகத்தை அடுத்து வேலை, திருமணம், பாராட்டு. நிறமே தகுதி என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. படங்களின் சேர்க்கையே அதைச் சொல்லிவிடுகின்றது. குலெஷோவின் சோதனை இங்கே வாணிபமாயிற்று. பல்லாண்டுக் கண்டனத்தின்பின் 2020ஆம் ஆண்டில் அப்பெயரிலிருந்து வெண்மை குறிக்கும் சொல் நீக்கப்பட்டு ‘குளோ அன்ட் லவ்லி’ என்றாயிற்று. சொல் மாறியது, படம் சொல்லும் கதையும் மாறியதா? பழைய விளம்பரத்தையும் புதியதையும் அருகருகே வைத்து மாணவரே ஆராயட்டும். வகுப்பின் மூலையிலே தன் நிறத்துக்காக நாணி அமர்ந்திருக்கும் மாணவிக்கு, அந்த நாணம் தன் குற்றமன்று, விற்கப்பட்ட ஒரு சரக்கு என்று தெளிவாகுமாயின், அந்த ஒரு பாடவேளை எத்தனையோ வரைவிலக்கணங்களுக்கு ஈடாகும்.

இதனாற் பொதுமக்களை ஏமாளிகள் என இகழவேண்டும் என்பது எமது கருத்தன்று. ஸ்டூவர்ட் ஹோல் 1973ஆம் ஆண்டிலே காட்டியவாறு, பார்ப்போர் ஒளிபரப்புவோரின் பொருளை அப்படியே ஏற்றலும் உண்டு. ஒரு பகுதியை ஏற்று ஒரு பகுதியைத் தம் அனுபவத்தால் திருத்திக்கொள்ளலும் உண்டு. எதிர்த்துப் பொருள்கொள்ளலும் உண்டு. ஒரே நாளின் செய்தியைச் சிங்களத்திலும் தமிழிலும் கேட்டு ஒப்புநோக்கிய எவருக்கும் இது விளங்கும்.

ஆதலின் ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. கோட்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன் ஒரு படத்தைக் காட்டுங்கள். ஒலியை நிறுத்தி ஒரு முறை, ஒலியோடு ஒரு முறை காட்டுங்கள். கண்டது என்ன, காட்டாது விட்டது என்ன, இதனால் நன்மையடைபவர் யார் என்று கேளுங்கள். விடைகள் பிறந்தபின் அறிஞர் பெயரைச் சொல்லலாம். பரீட்சைக்கு அப்பெயர் உதவும். பரீட்சைக்குப் பின்னுள்ள வாழ்க்கைக்கோ அக்கேள்விகளே உதவும்.