எதைப் பற்றிக்கொண்டிருக்கிறோம்?

நான் ஆய்வு செய்யும் வடநாட்டு நகரத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி வழிபடுகிறோம். சென்ற கூட்டத்தில் முதுகலை மாணவி ஒருவர் திருவிவிலியத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். முடித்ததும் பெரியவர் ஒருவர் எழுந்து, “கடவுள்னு வாசிக்காதம்மா, தேவன்னு வாசி. உலகம் மாறலாம், வேதம் மாறக்கூடாது” என்றார். அந்த மாணவி தலை கவிழ்ந்து அமர்ந்துவிட்டார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன்.

மாறாதது என்று அவர் கருதிய ‘தேவன்’ என்னும் சொல், தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையில் ஒரு காலத்தில் புதுவரவு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், தமக்கு முன்பே கத்தோலிக்கர் வழங்கிவந்த ‘சருவேசுரன்’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டார். 1715இல் அவரது புதிய ஏற்பாடு அச்சேறியது. அதே நூற்றாண்டில் பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்று எழுதினார். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. இருபதாம் நூற்றாண்டின் திருத்திய மொழிபெயர்ப்பும், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியமும் ‘கடவுள்’ என்கின்றன. முந்நூறு ஆண்டுகளுக்குள் இறைவனைக் குறிக்கும் சொல்லே மூன்று முறை மாறியிருக்கிறது. சருவேசுரனை வணங்கியவரும் பராபரனை வணங்கியவரும் வேறு வேறு சமயத்தினர் அல்லர்.

இன்னும் நுட்பமான மாற்றம் ஒன்று உண்டு. கிரேக்க மூலத்தின் ‘பிஸ்டிஸ்’ என்னும் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு ‘விசுவாசம்’ என்றும், ‘எல்பிஸ்’ என்பதை ‘நம்பிக்கை’ என்றும் தந்தது. திருவிவிலியமோ முன்னதை ‘நம்பிக்கை’ என்றும் பின்னதை ‘எதிர்நோக்கு’ என்றும் தருகிறது. ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் ஒரு நூலில் ஒன்றையும் மற்றொரு நூலில் வேறொன்றையும் குறிக்கிறது. பாட்டியும் பேத்தியும் ஒரே சொல்லைச் சொல்லி வெவ்வேறு பொருள் கொள்ளக்கூடும். வெவ்வேறு சொற்களைச் சொல்லி ஒரே பொருளும் கொள்ளக்கூடும். சொல்லின் மாறாமையைப் பற்றுறுதிக்கு அளவுகோலாக வைக்க இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அந்தப் பெரியவரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். வழிபாட்டு மொழி அகராதிப் பொருளால் மட்டும் இயங்குவதன்று. தாயின் மரணப்படுக்கையருகே சொன்ன வேண்டுதலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் முணுமுணுத்த சங்கீதமும் அந்தச் சொற்களில்தான் படிந்திருக்கின்றன. அச்சொல்லை நீக்கு என்பது, அவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதியை நீக்கு என்பதாகவே அவர் செவியில் விழும். அவர் ‘தேவன்’ என்றே வேண்டிக்கொள்ளட்டும். அந்த மாணவியைத் தடுத்ததே என் வருத்தம்.

இந்த வருத்தத்துக்கு ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவம் ஈன்ற பெரும் புலவர்களுள் ஒருவர். ஸ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேனியுஸ் வேதநூல் மொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டபோது அவர் கடுமையாக எதிர்த்தார். பழகிய வேதமொழி மீது அவர் கொண்டிருந்த பற்று உண்மையானது. ஆனால் அதே காலத்தில், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று புதிய மிஷனரிமார் கேட்டபோது அதையும் அவர் எதிர்த்தார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு திருச்சபையில் அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினர்.

இங்கே இரண்டு மாற்றங்கள் உள்ளன. ஒன்று காதுக்குப் பழகிய சொல்லைக் கேட்டது. மற்றொன்று பிறப்பால் வந்த மேன்மையைக் கேட்டது. எதிர்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. இரண்டையும் ‘முன்னோர் வழி’ என்ற ஒரே பெயரால் காத்தனர். மிஷனரிமாரின் அதிகாரத்தோரணையும் அந்த எதிர்ப்புக்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நற்செய்தி எதைக் கைவிடச் சொன்னதோ, அதையே நற்செய்தியின் பெயரால் பற்றிக்கொள்ள முடிந்தது என்பதுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

அந்தப் பாடத்தை நாம் இன்னும் கற்கவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் பின்வந்த திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கின்றன; தலித் கிறிஸ்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை. அது அநீதி என்று நாம் வழக்காடுகிறோம், சரியே. அந்த வழக்கில் நாம் முன்வைக்கும் வாதம் என்ன? மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது, திருச்சபைக்குள்ளும் தொடர்கிறது என்பதே. நீதிமன்றத்தில் இதை வாதமாக வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கபீடத்தில் இதை அறிக்கையிட நமக்கு நா எழுவதில்லை. கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய ஊர்கள் நம்மிடையே உண்டு. அங்கே ‘தேவன்’ என்று வாசித்தாலென்ன, ‘கடவுள்’ என்று வாசித்தாலென்ன?

எல்லாவற்றையும் காலத்துக்கேற்ப மாற்றிவிடுவோம் என்போரோடும் எனக்கு உடன்பாடில்லை. சிலுவையும் உயிர்த்தெழுதலும் இல்லாத கிறிஸ்தவம் ஒரு நல்லொழுக்கச் சங்கமாகிவிடும்; அதற்கு ஆலயம் தேவையில்லை. ஆகவே மாறலாமா கூடாதா என்னும் கேள்வி போதாது. நான் பற்றிக்கொண்டிருப்பது என்னிடம் எதையேனும் கேட்கிறதா, அல்லது என் வசதியைக் காக்கிறதா என்று கேட்க வேண்டும். என்னிடம் ஒன்றும் கேட்காத பற்றுறுதியை நான் ஐயுறுகிறேன்.

விசுவாசத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘எமுனா’. உறுதி, நிலைபேறு, வாக்குத் தவறாமை என்பன அதன் பொருள். ஒரு கருத்தை ஏற்பதைக் காட்டிலும் ஒருவருக்கு உண்மையாயிருப்பதையே அது சுட்டுகிறது. ‘ஆமென்’ என்பதும் அதே வேரிலிருந்து பிறந்தது. எல்லா மொழிபெயர்ப்புகளிலும் ஏறத்தாழ மாறாமல் நின்ற சொற்களுள் அதுவும் ஒன்று.

அடுத்த கூட்டத்தில் அந்த மாணவியை மறுபடியும் வாசிக்க அழைக்குமாறு கேட்கப்போகிறேன். வாசிப்பின் முடிவில் அந்தப் பெரியவரும் ‘ஆமென்’ சொல்வார் என்று நம்புகிறேன்.