கூடை நிறையட்டும்

மடுல்சீமைத் தோட்டமொன்றிலிருந்து தாயொருவர் நமக்கு எழுதியிருக்கிறார். கணினிக் கல்வி பயிலும் அவருடைய மகன், தன் கணினிக்குள்ளேயே ‘மெய்நிகர் கணினி’ ஒன்றை அமைத்துப் பழகுகிறானாம். வெளியே விரைந்தோடும் இணையம் அதனுள்ளே மட்டும் நத்தையாய் ஊர்கிறதாம். புதிய வலையட்டை வாங்கப் பணம் கேட்கிறான். கொடுக்கலாமா என்பது அன்னையின் வினா.

வேண்டாம், அம்மையீர்! எந்த அட்டையை வாங்கினாலும் உட்கணினி அதனை நேரிற் காண்பதில்லை. தனக்குக் காட்டப்படும் போலி அட்டையையே காண்கிறது. பல மெய்நிகர் கணினிகளில் அது, இன்டெல் நிறுவனத்தின் ‘ஈ1000’ அட்டையின் போலி. அதைத் தொடுந்தோறும் உட்கணினி நின்றுவிட, புறக்கணினி அட்டையின் வேலையை நடித்துக் காட்டுகிறது.

ஒவ்வொரு கிள்ளுக் கொழுந்தையும் நிறுக்க மடுவத்துக்கு ஓடுவார் உண்டோ? கூடை நிறைந்த பின்னரன்றோ செல்வர்!

இக்கருத்தையொத்த ‘விர்ட்ஐஓ’ முறையை ரஸ்டி ரஸல் என்பார் 2008ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கினார். இரு கணினிகளுக்கும் பொதுவான நினைவகத்தில் தகவற் பொட்டலங்கள் சேர்கின்றன. பலவற்றுக்கு ஓர் அழைப்பே போதும். இதற்கான இயக்கி லினக்ஸில் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸாயின் அதனை இலவசமாய்ப் பெற்று முதலில் நிறுவுக. பின்னரே அமைப்பில் அட்டையின் வகையை ‘விர்ட்ஐஓ’ என மாற்றுக.

நாட்சம்பளத்தில் மிச்சம்பிடித்த காசு மகனின் புத்தகங்களுக்கு ஆகட்டும்.