இருட்டும் படத்தில் இருக்கட்டும்! பழைய அரங்குகளில் மொபைல் கேமரா சொதப்புவது ஏன்?

சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள மியூசியம் தியேட்டர், ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது. நாடகம் பார்க்க உள்ளே நுழையும் பலரும் முதலில் செய்வது, போனைத் தூக்கி ஒரு போட்டோ. அதில் தப்பில்லை. ஆனால், வீட்டுக்கு வந்து பார்த்தால் நடிகரின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருக்கும். இல்லையென்றால், மொத்த அரங்கமும் கல்யாண மண்டபம் போல பளிச்சென்று இருக்கும். கண்ணால் பார்த்த இடம் படத்தில் இருக்காது.

இதற்குக் காரணம் மலிவான போன் இல்லை. இருட்டை ஒரு குறையாகவே பார்க்கும் ஆட்டோ செட்டிங்தான்.

முகம் ஏன் வெளுக்கிறது?

மேடையில் ஒரே ஒரு ஸ்பாட்லைட், சுற்றிலும் கறுப்பு. கேமரா மொத்தக் காட்சியையும் சராசரியாக அளந்து, ‘வெளிச்சம் பத்தவில்லை’ என்று முடிவு செய்து கூட்டிவிடுகிறது. ஏற்கெனவே வெளிச்சத்தில் இருக்கும் முகம்தான் அதில் பலியாகிறது. தீர்வு எளிது: திரையில் முகத்தைத் தொட்டு, எக்ஸ்போஷரைக் கீழே இறக்கினால் போதும். விரலை அங்கேயே அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான போன்களில் அந்த அளவு லாக் ஆகிவிடும்.

ஃபிளாஷ் உதவுமா?

உதவாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 3 மீட்டரில் விழும் வெளிச்சத்தில் 25-ல் ஒரு பங்குதான் 15 மீட்டரில் விழும். ஆக, படத்தில் தெளிவாகத் தெரியப்போவது முன்வரிசைக்காரரின் பின்மண்டை மட்டுமே. மேடையில் இருப்பவருக்கோ, வசனத்துக்கு நடுவே கண் கூசும்.

நைட் மோடு எதற்கு?

நைட் மோடு, சில விநாடிகளில் பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. நாடகம் தொடங்கும் முன், ஆள் நடமாட்டம் இல்லாத அரங்கை எடுக்க அது அருமையான வசதி. தூணில் சாய்ந்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, 3 விநாடி டைமர் வைத்தால் டிரைபாட் இல்லாமலே படம் நிற்கும்.

நடிகர் அசைய ஆரம்பித்தால் கதை வேறு. ஸ்டெபிலைசேஷன் திருத்துவது நம் கை நடுக்கத்தைத்தான். மேடையில் இருப்பவரின் அசைவை அல்ல. அங்கே நைட் மோடை அணைத்துவிட்டு, புரோ மோடில் ஷட்டரை 1/100 அளவில் வைத்து, நடிகர் ஒரு நொடி நிற்கும் தருணத்துக்குக் காத்திருக்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சில எல்.இ.டி. விளக்குகளில் விழும் கோடுகளும் 1/50 அல்லது 1/100-ல் குறையும். ஜூம் செய்வதைவிட, மெயின் கேமராவில் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது நல்லது. பெரும்பாலான போன்களில் ஜூம் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் சிறியது.

கொஞ்சம் புள்ளி விழுந்தால் என்ன?

‘நாய்ஸ்’ என்கிற புள்ளிகளைப் பார்த்தாலே பலருக்கும் ஆகாது. ஆனால், அதை மொத்தமாகத் துடைக்கும் சாஃப்ட்வேர், பழைய சுவரின் காரைப் பூச்சையும் மர வேலைப்பாட்டையும் சேர்த்தே வழித்துவிடுகிறது. நூற்றாண்டு கடந்த சுவர், நேற்று பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் போல ஆகிவிடும்.

இது வெறும் அழகுப் பிரச்னை இல்லை. பழைய கட்டடங்கள் பழுதுபார்க்கப்படும், விளக்குகள் மாறும், இருக்கைகள் மாறும். முன்பு எப்படி இருந்தது என்று நாளை யாராவது தேடினால், கிடைக்கப்போவதில் பெரும்பகுதி பார்வையாளர்களின் போனில் இருக்கும் படங்கள்தான். அவை எல்லாமே யாருமே பார்க்காத ஒரு வெளிச்சத்தைக் காட்டினால், அது பதிவே இல்லை.

எனவே, ஏற்பாட்டாளர்களிடம் அனுமதி கேட்டு, திரையின் பிரைட்னஸைக் குறைத்து, இரண்டு மூன்று படங்களோடு போனைப் பாக்கெட்டில் போடுவதே சரி. பக்கத்து இருக்கைக்காரரும் அந்த இருட்டுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறார்.