பார்ட்ஸுக்கே போட்ட காசு வந்துடுமாம்!

பழைய கார் வாங்க ஆசைப்படும் நம்மவர்களைக் கவிழ்ப்பதற்கென்றே ஒரு வாக்கியம் புழக்கத்தில் இருக்கிறது. மும்பையில் இந்தியில் சொல்வார்கள்: "பார்ட்ஸ் மே ஹீ பைசா வசூல் ஹோ ஜாயேகா, சாப்." சென்னைப் பக்கம் தமிழில்: "பார்ட்ஸுக்கே போட்ட காசு வந்துடும் சார்." மொழிதான் வேறே, ஆள் கவிழ்வது ஒரே மாதிரிதான்.

இந்த வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். பத்மினி, அம்பாசடர் விஷயத்தில் இது முக்கால்வாசி பொய். மீதிக் கால்வாசி எங்கே உண்மை என்பதையும் பின்னால் சொல்லிவிடுகிறேன், அவசரப்பட வேண்டாம்.

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கே போனாலும் நாற்பது தாண்டிய தமிழர்களுக்கு இந்த ஆசை ஒன்று உள்ளே இருக்கிறது. அப்பா வைத்திருந்த பத்மினி, மாமா ஓட்டிய அம்பாசடர், ஊர் டாக்டர் வந்து இறங்கிய ஹெரால்டு. தப்பே இல்லை, எனக்கும் உண்டு. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2023 அக்டோபர் 30-ம் தேதியோடு மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸியும் சாலையை விட்டுப் போனது. அதற்கப்புறம் புதருக்குள் கிடக்கும் தகரத்துக்கெல்லாம் 'கிளாசிக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

புது காருக்கு பாங்கில் கார் லோன் கிடைக்கும். துருப்பிடித்த கூட்டுக்கு எந்த பாங்க் தரும்? ஒன்று பர்சனல் லோன், இல்லாவிட்டால் நகைக் கடன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் சொல்கிறேன்: வீட்டம்மாவின் வளையல் தராசில் ஏறும்போது, அது எதற்காக ஏறுகிறது என்பது பல சமயம் அந்தம்மாவுக்கே தெரிந்திருப்பதில்லை. அதனால்தான் இது வெறும் கார் விஷயம் இல்லை என்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பத்மினியும் அம்பாசடரும் தனியாக சேஸி இல்லாத வண்டிகள். லாரி மாதிரி கீழே ஒரு சட்டம், மேலே ஒரு கூடு என்று கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, பின் வில்லுப்பட்டை மாட்டும் இடம், டிக்கித் தரை எல்லாம் ஒன்றோடொன்று வெல்டு செய்யப்பட்டு, அந்த உடம்புதான் வண்டியைத் தாங்குகிறது. துரு முதலில் கடிப்பதும் இதே இடங்களைத்தான். மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கி அடியில் தேங்கும். ஈரமான மிதியடிக்குக் கீழே தரைத் தகடு பொத்துப்போகும். பாட்டரி ஆசிட் சிந்திய தட்டு அப்பளமாகும். மட்கார்டுக்கு உட்புறம் சேறு அப்பிக்கொண்டு, வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தின்று முடித்திருக்கும். கடலோர வண்டி என்றால் உப்புக் காற்று வேறு.

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்களிடம் ஒரு பத்மினி இருக்கிறது, அதைச் சீர்படுத்துகிறீர்கள். அதற்கு அதிகமாகத் தேவைப்படுவது என்ன? தகடுதான். நல்ல மட்கார்டு, நல்ல கதவு, பொத்தல் இல்லாத தரை. பார்ட்ஸுக்கென்று நீங்கள் வாங்கப் போகும் துருப்பிடித்த வண்டியில் இல்லாதது என்ன? அதே மட்கார்டு, அதே கதவு, அதே தரை! இரண்டு வண்டியும் ஒரே வயசு, ஒரே டிசைன். உங்கள் வண்டியில் எது போயிற்றோ அதுதான் அந்த வண்டியிலும் முதலில் போயிருக்கும். பல் வலிக்காரர் இன்னொரு பல் வலிக்காரரிடம் பல் கடன் கேட்கிற கதை.

"எஞ்சின் இருக்கே சார், கியர் பாக்ஸ் இருக்கே?" இருக்கிறது. ஆனால் அது எங்கேதான் இல்லை? குர்லாவில் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் 1964-ல் தொடங்கி, பிரீமியர் பிரசிடென்ட், 1974-லிருந்து பிரீமியர் பத்மினி என்று 2001 வரை ஓடிய வண்டி. அதே 1089 சிசி எஞ்சின் குடும்பம். மும்பை டாக்ஸிகளுக்கு 20 வருஷ வயது வரம்பு வந்ததும் காலி-பீலி பத்மினிகள் வரிசையாகப் பங்கார் கடைக்குப் போயின. அவற்றின் உறுப்புகள்தான் இன்னும் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. குர்லா-கலீனா பக்கம் ஒரு நாள், சென்னையில் புதுப்பேட்டையில் ஒரு நாள், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரில் ஒரு நாள் சுற்றினால் வேண்டிய சாமானைத் தனியாக, கையில் எடுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கலாம். ஒரு டீ குடிக்கப் பால் மாட்டையே ஓட்டிக்கொண்டு வர வேண்டுமா என்ன?

ஒரு நிஜக் கணக்கு போடுவோம். முலுண்டில் இருக்கும் நண்பர், திருநெல்வேலிக்காரர். அப்பாவின் 1978 பத்மினியைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். கடலோரக் கிராமம் ஒன்றில் கிடந்த துரு வண்டிக்கு புரோக்கர் சொன்ன விலை 55,000 ரூபாய். "வாங்கலாமா?" என்று கேட்டார். காகிதத்தை எடுங்கள் என்றேன்.

வண்டியைத் தூக்கி வர 8,000. சொசைட்டியில் பங்காரை நிறுத்த விடமாட்டார்கள், வெளியே இடத்துக்கு மாதம் 1,500 வீதம் ஆறு மாதத்துக்கு 9,000. பிரித்தெடுக்கக் கூலி 10,000. ஆக மொத்தம் 82,000.

வரவு? அவர் வண்டிக்கு நிஜமாகத் தேவைப்படுவது முன் கண்ணாடி, பின் விளக்கு, கதவுக் கைப்பிடிகள், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் லீவர் இணைப்புகள், இன்னும் சில்லறைகள். இவற்றைக் கடையில் தனியாக வாங்க அவரே விசாரித்து எழுதி வைத்திருந்த தொகை 25,000. எஞ்சினும் கியர் பாக்ஸும் விற்றால் 10,000 என்று அதே புரோக்கர் சொன்னார் (வாங்கும்போது தங்கம், விற்கும்போது இரும்பு!). மிச்சக் கூட்டைக் காயலான் கடையில் போட்டால் 500 கிலோ, கிலோ 25 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், 12,500. மொத்த வரவு 47,500. நஷ்டம் 34,500. இதில் வட்டி சேர்க்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்க்கவில்லை. உங்கள் ஊரில் விலை முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் கணக்கின் வடிவம் இதுதான்.

நம்மை ஏமாற்றுவது எது தெரியுமா? ஒவ்வொரு உறுப்புக்கும் கடைக்காரன் விற்கும் விலையைப் போட்டுக் கூட்டிவிடுகிறோம். "கண்ணாடி இவ்வளவு, மீட்டர் இவ்வளவு, ஹப் கேப் நாலு இவ்வளவு, ஆஹா, லட்சம் தாண்டுது!" காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்: சரக்கிருப்பை வாங்கிய விலை அல்லது விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை, இதில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும். நீங்கள் கடைக்காரர் இல்லை. உங்களுக்குக் கல்லா இல்லை, வாடிக்கை இல்லை. பால்கனியில் நாலு ஹப் கேப்போடு உட்கார்ந்திருக்கப் போகிறவர் :-)

அடுத்தது காகிதம். இதில்தான் நம்மவர்கள் ரொம்ப அசட்டை.

ஒரு வண்டி நிரந்தரமாக உபயோகமற்றதாகிவிட்டால் 14 நாளுக்குள் அல்லது கூடிய சீக்கிரம் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, ஆர்சி புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு. "ஆர்சி உங்ககிட்டயே இருக்கட்டும் சார், பின்னால் உபயோகப்படும்" என்று எவனாவது சொன்னால் ஓடிவிடுங்கள். செத்த வண்டியின் ஆர்சியையும் சேஸி நம்பரையும் திருட்டு வண்டிக்கு ஏற்றுவது பழைய தொழில். மீரட்டில் சோதிகஞ்ச் சந்தையை 2021 டிசம்பரில் போலீஸ் மூடியதே திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்றதற்காகத்தான். பில் இல்லாமல், விற்பவர் கையெழுத்து இல்லாமல், சேஸி நம்பரை ஆர்சியோடு ஒப்பிடாமல் எதையும் வாங்காதீர்கள்.

பாங்க்காரன் என்ற முறையில் இன்னொன்று. பழைய ஆர்சியில் 'ஹைபாதிகேஷன்' என்று ஒரு வரி கிடக்கிறதா பாருங்கள். முப்பது வருஷத்துக்கு முன் வாங்கிய கடன், கட்டியும் முடித்திருப்பார்கள், ஆனால் ஃபாரம் 35 கொடுத்து அந்த வரியை எடுத்திருக்க மாட்டார்கள். கடன் கொடுத்த பாங்கே இன்று வேறு பாங்கோடு இணைந்திருக்கும். அந்த என்ஓசிக்கு யார் அலைவது?

எஞ்சினை மாற்றினால் எஞ்சின் நம்பர் மாறும், ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் பதிய வேண்டும். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதி என்ன சொல்கிறது? முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சேஸியிலோ உடம்பிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்க வேண்டும். ஆகவே அந்த வண்டி எஞ்சினை இதில் போட்டு, இந்த வண்டிக் கூட்டை அதில் ஒட்டி ஒரு அவியல் செய்துவிட்டு, அப்புறம் விண்டேஜ் நம்பர் கேட்டு நிற்க முடியாது.

இப்போது அந்தக் கால்வாசி உண்மை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

நம்ம சென்னை வண்டி. 1961-லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. மூலம் இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டு. இதற்குத் தனி சேஸி உண்டு, உடம்பு அதன்மேல் போல்ட் போட்டு உட்காருகிறது. ஆகவே ஒரு பக்கம் துரு தின்றிருந்தாலும் இன்னொரு பகுதியை முழுசாகக் கழற்றி எடுக்க வழி இருக்கிறது. அதைவிட முக்கியம், அறுபதுகளின் கடைசியில் மார்க் 3 என்று நாலு கதவு ஹெரால்டு வந்தது, அது இந்தியாவுக்கு மட்டும். 1972 முதல் 1977 வரை வந்த கேஸலும் அப்படியே. எஞ்சின் சாமான் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், அங்கே இன்னும் இந்தக் குடும்பத்து வண்டிகளை வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனால் நாலு கதவு ஹெரால்டின் பின் கதவுக்கு லண்டனில் தேடிப் பிரயோஜனம் இல்லை. அந்தக் கதவு, அதன் கண்ணாடி, அதன் பீடிங் எல்லாம் இன்னொரு இந்திய வண்டியில்தான் கிடைக்கும். இங்கே துருப்பிடித்த வண்டி நிஜமாகவே பொக்கிஷம். பின் கதவு இரண்டும் உருப்படியாக இருந்தால், விலை நியாயமாக இருந்தால், வாங்குங்கள். காயலான் கடைக்குப் போக விடாதீர்கள்.

ஆக, வித்தியாசம் துருவில் இல்லை. கேட்க வேண்டியது மூன்று கேள்வி. எனக்கு வேண்டிய சாமான் வேறு எங்கும் தனியாகக் கிடைக்காதா? துரு அந்தச் சாமானை விட்டுவைத்திருக்கிறதா? அந்த ஒரே சாமானுக்காக முழு விலையையும் கொடுக்கத் தயாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் மேலே பேசுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் புரோக்கருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

"எல்லாத்துக்கும் கணக்குப் பார்த்தா ஆசைன்னு ஒண்ணு எதுக்கு சார்?" என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். நியாயம்தான். அப்பா ஞாபகத்துக்காக அப்பாவின் காரில் பணம் போடுங்கள், நான் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆசைக்குச் செலவழிப்பது வேறு, ஆசைக்கு 'முதலீடு' என்று பெயர் வைத்து வீட்டில் பொய் சொல்வது வேறு. அந்த 55,000 யாரோ ஒருவருடைய அப்பா காரின் பிணத்துக்குப் போகிறது, உங்கள் அப்பா காருக்கு இல்லை. அதே காசில் நல்ல டிங்கரிங் ஆளைப் பிடித்து உங்கள் வண்டியின் தரைத் தகட்டைப் புதுசாக அடித்துப் போடுங்கள். இன்னும் வண்டியே வாங்கவில்லை என்றால், உள்நாட்டு வறண்ட ஊர்களில் துரு குறைந்த வண்டியாகத் தேடி, கொஞ்சம் கூடக் கொடுத்தாவது ஒரே வண்டியாக வாங்குங்கள். எஞ்சினுக்கு மெக்கானிக் கிடைப்பார். போன தகடு போனதுதான்.

முலுண்ட் நண்பர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இதுவரை வாங்கவில்லை. புரோக்கர் மட்டும் வாரத்துக்கு இரண்டு தரம் போன் செய்கிறாராம், விலை 40,000-க்கு இறங்கிவிட்டதாம். பார்ட்ஸுக்கே லட்சம் வரும் வண்டியை 40,000-க்குத் தர அவருக்கு ஏன் இத்தனை அவசரம்?

இல்லை, எனக்கு நிஜமாகவே காசு திரும்பி வந்தது என்பவர்கள் இருந்தால் சந்தோஷம். பில்லை எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.