ஆயுள் முழுக்கப் போகி

இந்த வாரம் எனக்குக் கோபம். எந்த அலுவலகம் என்று எழுதினால் அடுத்த முறை உட்கார நாற்காலிகூடக் கிடைக்காது, விட்டுவிடுகிறேன். 1996இல் கட்டிய வீட்டு வரிக்கு அசல் ரசீது வேண்டுமாம். "உங்க கம்ப்யூட்டர்லயே இருக்குமே தம்பி?" என்றேன். "அவ்வளவு பழசு ஏத்தல சார், நீங்கதான் பத்திரமா வெச்சிருக்கணும்" என்றான் பையன். கட்டியதும் நான், காப்பாற்ற வேண்டியதும் நான்!

என் பரணைப் பற்றித் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். முப்பது வருட வழக்குக் கட்டுகளில் பாதியைப் போகிக்கு முந்தின வாரம் வீட்டம்மா எடைக்குப் போட்டுவிட்டாள். மீதியில் ரசீது இருக்குமோ என்று ஏறிப் பார்த்தேன். கைக்கு வந்தது பெஞ்சமின்.

மறுபடியுமா என்று அலுத்துக்கொள்பவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம். ஆனால் அங்கேயும் பெஞ்சமின்தான்.

சரக்கு விற்பனைச் சட்டத்தைப் பற்றி 1868இல் லண்டனில் வந்த புத்தகம். பின்னால் வந்தவர்கள் திருத்தித் திருத்தி இன்றும் அவர் பெயரிலேயே வெளியிடுகிறார்கள். என்னிடம் இருப்பது சீனியர் கொடுத்த பழைய பதிப்பு. முதுகு உரிந்து, ஓரமெல்லாம் அவருடைய பென்சில் கிறுக்கல். விலை பேசி முடித்த சரக்கு எந்த நொடியில் வாங்கியவனுடையதாகிறது, வழியில் கெட்டால் நஷ்டம் யார் தலையில் என்று பெஞ்சமின் பிரித்துக் காட்டுவது தேங்காய் மட்டை உரிப்பது போல இருக்கும். நம் 1930ஆம் வருடச் சட்டம் 1893இல் வந்த இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. ஆகவே நம் கோர்ட்டுகளிலும் பெஞ்சமினுக்கு நல்ல செல்வாக்கு.

ஜூடா பெஞ்சமின் இங்கிலாந்துக்காரர் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். 1832இல் நியூ ஆர்லியன்ஸில் தொழில் தொடங்கிய அமெரிக்கத் தெற்கத்தி வக்கீல் அவர். கரும்புத் தோட்டம் வாங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் அரசில் மூன்று துறைகளுக்கு அடுத்தடுத்து அமைச்சர். 1865இல் அதன் தலைநகர் ரிச்மண்ட் விழுந்தபோது ரகசியக் காகிதங்களைக் கொளுத்திவிட்டு, பிரெஞ்சுக்காரன் வேஷத்தில் ஃபுளோரிடா வழியே தப்பினார். இங்கிலாந்து போய், 54 வயதில் மறுபடி சட்ட மாணவர்!

அந்தக் காலத்துத் தெற்கத்தி வக்கீல்கள் காகிதச் சேமிப்பில் நம் குமாஸ்தாக்களைத் தோற்கடிப்பார்கள். வட கரோலினாவின் தாமஸ் ரஃபினுடைய காகிதங்கள் அச்சில் நான்கு தொகுதி வந்திருக்கின்றன. பெஞ்சமினோ ஆயுள் முழுக்கப் போகி கொண்டாடியவர். 1884இல் பாரிஸில் செத்தபோது, வாழ்க்கை வரலாறு எழுத வந்தவருக்கு நாலு துண்டுக் காகிதம்தான் மிச்சம்.

அவரால் கொளுத்த முடியாமல் போனது கோர்ட்டில் கிடந்த காகிதங்கள்தான். 1841இல் வர்ஜீனியாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குச் சுமார் 135 அடிமைகளை ஏற்றிப் போன 'கிரியோல்' கப்பலில் கலகம் வெடித்தது. கப்பலை அவர்கள் நாஸோவுக்குத் திருப்பினார்கள். அது பிரிட்டிஷ் மண், விடுதலை கிடைத்தது. 'சரக்கு' போனதற்கு நஷ்டஈடு கேட்டார்கள் உடைமைக்காரர்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஆஜரானவர் பெஞ்சமின். அடிமையும் மனிதன்தான், அன்பும் ஆத்திரமும் உள்ளவன், அடைத்து வைத்தால் திமிறத்தான் செய்வான், அடிமைமுறையே இயற்கைச் சட்டத்துக்கு விரோதம் என்று வாதிட்டார். பெரும்பாலான வழக்குகளில் நிறுவனங்களே ஜெயித்தன. வாதம் எழுதிய கைதான் தோட்டம் வாங்கக் கையெழுத்தும் போட்டது. கட்சிக்காரனுக்காக நம்பாததைச் சொல்வது எனக்கும் பழக்கம்தான். ஆனாலும் இதைப் படித்த அன்று புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானாவின் அந்தக் காலச் சட்டத்தில் இன்னொன்று உண்டு. அங்கே அடிமை அசையாச் சொத்து, நிலம் மாதிரி. விற்றபின் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். தொழுநோய், பைத்தியம், வலிப்பு மூன்றும் உடலைச் சேர்ந்த குறைகள். திருட்டும் ஓடிப்போகும் பழக்கமும் குணத்தைச் சேர்ந்தவை. எத்தனை தடவை, எத்தனை நாள் காணாமல் போனால் அது 'பழக்கம்' என்றுகூடச் சட்டத்தில் கணக்கு இருந்தது. சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்க்கிறவன் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பானா?

என் சீனியர் பென்சிலால் அதிகம் கோடு போட்டிருப்பது, விற்றவன் சரக்கின் தரத்துக்குப் பொறுப்பேற்கும் அத்தியாயத்தில். பெஞ்சமின் இந்தப் பாடத்தை எந்தச் சந்தையில் படித்தார் என்று சீனியரிடம் கேட்கத் தோன்றியதில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.

அந்த அடிமை விற்பனைகளை நோட்டரி முன்னால் எழுதிப் பதிந்தார்கள். கட்டுகள் நியூ ஆர்லியன்ஸ் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு பெயர், வயது, நிறம், விலை. சில பத்திரங்களில் தாயோடு சேர்த்துக் குழந்தைக்கும் ஒரே விலை.