கணக்கில் வராத பெற்றோர்

குழந்தைகள் இல்லங்களில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பதற்கு அரசிடம் கணக்கு இருக்கிறது. அந்த முடிவை எடுக்குமுன் அதிகாரிகள் பெற்றோருடன் அமர்ந்து பேசினார்களா என்பதற்கு அதே அக்கறையுடன் கணக்குக் கேட்கப்படுவதில்லை. குழந்தைகள் பாதுகாப்பு நிர்வாகத்தின் அடிப்படைக் குறைபாடே இதுதான்.

2020-இல் கரோனா பரவியபோது இக்குறைபாடு வெளிப்பட்டது. அதுவரை நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த 2,27,518 குழந்தைகளில் 1,45,788 பேர் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டதாக உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவ்வாறு திரும்பிய குழந்தைகளின் கல்விக்காக மாதம் ரூ. 2,000 வழங்குமாறு அவ்வாண்டு டிசம்பரில் மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, இல்லங்களில் உள்ள குழந்தைகளை நூறு நாள்களுக்குள் வீட்டுக்கு அனுப்ப வழிகாணுமாறு தமிழகம் உள்ளிட்ட எட்டு மாநிலங்களை தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கேட்டுக்கொண்டிருந்தது. நோக்கம் நல்லதே. ஆனால், வறுமையாலோ, பள்ளி வசதி இன்மையாலோ குழந்தையைப் பிரிந்த ஒரு குடும்பம் அக்குழந்தையை மீண்டும் ஏற்கத் தயாராக இருக்கிறதா என்பதை நாள்கணக்கு வைத்துத் தீர்மானிக்க முடியாது.

சட்டத்தில் குறையில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைப் பேணும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது என்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. மீட்கப்படும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்பு நிறுத்த வேண்டும். 15 நாள்களில் சமூக விசாரணை முடிய வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் தயாரிக்கப்பட வேண்டும்.

ஆனால், நலக் குழுவின் செயல்பாட்டை மாவட்ட ஆட்சியர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வு செய்யும்போது முன்னிற்பவை முடித்துவைத்த வழக்குகளும் நிலுவை வழக்குகளும்தான். ஆய்வுக் குழுக்களும் இல்லங்களைத்தான் பார்வையிடுகின்றன. எதை அளக்கிறோமோ அதுதான் நடக்கும். கோப்பு விரைவில் மூடப்பட்டால் பாராட்டு. மூடிய பின் அக்குழந்தை மீண்டும் தெருவுக்கு வந்தால் அது புதிய வழக்கு.

அளக்க வேண்டியவை கடினமானவை அல்ல. பராமரிப்புத் திட்டம் எழுதப்பட்டபோது பெற்றோர் உடனிருந்தார்களா? அடுத்த விசாரணை எப்போது என்பது அவர்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்லப்பட்டதா? நலக் குழு, பாதுகாப்பு அலகு, காவல்துறை, பள்ளி ஆகிய அனைத்திடமும் ஒரே துயரத்தை அந்தத் தாய் எத்தனை முறை திருப்பிச் சொல்ல நேர்ந்தது? குழந்தை வீடு திரும்பிய ஆறாவது மாதத்தில் யாராவது அந்த வீட்டுக்குச் சென்றார்களா? வாத்சல்யா திட்டத்தின் கீழ் தகுதியுள்ள குழந்தைகளுக்கு மாதம் ரூ. 4,000 உதவித்தொகை உண்டு என்பதை அக்குடும்பத்துக்கு யாராவது எடுத்துரைத்தார்களா?

எல்லாக் குடும்பங்களும் பாதுகாப்பானவை அல்ல என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. வீட்டுக்குள்ளேயே வன்முறைக்கு ஆளான குழந்தையை அங்கேயே திருப்பி அனுப்புவது கொடுமை. ஆனால், எந்த வீடு ஆபத்தானது, எந்த வீடு வெறும் ஏழ்மையானது என்பதை வாசற்படி ஏறாத அதிகாரியால் எப்படிப் பிரித்தறிய முடியும்? குடும்பத்துடன் இணைந்து பணியாற்றுவது என்பது பெற்றோர் சொல்வதையெல்லாம் ஏற்பதல்ல. முடிவெடுக்குமுன் உண்மையை அறிவது.

இன்னொரு படிவத்தைச் சேர்த்தால் அதையும் அலுவலகத்திலேயே நிரப்பிவிடுவார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. அதனால்தான் இக்கேள்விகளை ஊழியர்களிடம் அல்லாமல், பெற்றோரிடமும் குழந்தைகளிடமும் நிர்வாகத்துக்கு வெளியே உள்ளவர்கள் கேட்க வேண்டும். நலக் குழுக்களின் செயல்பாட்டைத் தனியாக மதிப்பீடு செய்ய மத்திய, மாநில அரசுகளுக்கு அதே சட்டத்தின் 55-ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் பிரிவைப் பயன்படுத்தினால் போதும். கூடவே, வீடு வீடாகச் செல்லப் போதிய களப்பணியாளர்களையும் நியமிக்க வேண்டும். ஆள் இல்லாமல் அளவுகோல் மட்டும் கொடுப்பது பயன் தராது.

குழந்தையை வீட்டு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும் வாகனத்தோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்துதான் அது தொடங்குகிறது.